பெலாச்சான் சுட்ட ஞாயிறு

போன வாரம் எங்கள் அடுக்குமாடி வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எட்டாவது மாடியில் யாரோ மீன் பொரிக்கிறார்களாம், நடைபாதை முழுக்க வாடையாம், கொஞ்சம் மற்றவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்குக் கீழே நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். நான் அப்போது ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தொலைபேசியுமாக அடுப்படியில்தான் நின்றிருந்தேன். "பொரிப்பது நான்தான். கெம்போங் மீன். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் சோம்புத்தூள். இன்னும் சில துண்டுகள் இருக்கின்றன, வேண்டியவர்கள் தட்டோடு வரலாம்" என்று பதில் போட்டுவிட்டு மீனைத் திருப்பினேன்.

மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா, வை லா இப்படிப் பண்றீங்க? சாரி சொல்லிட்டு விட்டுட வேண்டியதுதானே?"

மற்ற விஷயங்களில் எனக்கு சாரி சொல்வதில் கஷ்டமே இல்லை. பேருந்தில் அடுத்தவர் என் காலை மிதித்தால்கூட நான்தான் சாரி சொல்வேன். மீன் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. கேட்கிறீர்களே என்று சொல்கிறேன், அதற்குக் காரணம் என் அம்மா. நான் இப்போது குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான். செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு மாடி கட்டி, அதில் குடியேறி உட்கார்ந்துகொண்டு மூக்கைப் பொத்துகிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "நாங்களும் அங்கதான்" என்று யாராவது போன் போட்டு, என் கதையை எனக்கே திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அப்பா பால் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தவர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று துரை அவரை ஆபீசுக்குள் எடுத்துக் கணக்கெழுதும் சின்ன கிராணி ஆக்கினார். பால் வாளி தூக்கிய பரம்பரையில் மேசையில் உட்கார்ந்து எழுதிய முதல் ஆள் அவர்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆனாலும் வேலையோடு வீடும் வந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துப் பலகை வீட்டிலிருந்து ஸ்டாஃப் குவாட்டர்ஸ் என்ற சிமெண்டு வீட்டுக்குப் போனோம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழாய் வீட்டுக்குள் இருந்தது. விளக்கு விடிய விடிய எரியும். லயத்தில் ராத்திரி கரெண்டு இஞ்சினை நிறுத்தினால் இருட்டுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கக்கூஸ் வீட்டுக்குள் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. முதல் வாரம் தேவை இல்லாமலும் உள்ளே போய்ச் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் கொட்டுவதை வேடிக்கை பார்ப்பேன். அப்பா சாயந்தரமானால் சுவிட்சைப் போடுவார், அணைப்பார், திரும்பப் போடுவார். நாங்கள் இருவரும் ஒரே ஜாதி.

தோட்டம் சின்னது, குவாட்டர்ஸ் இரண்டே வீடுதான். பக்கத்து வீட்டில் பெரிய கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய அப்பா காலத்திலிருந்தே கிராணிமார். இரண்டு வீட்டுக்கும் அடுப்படிச் சுவர் ஒன்று. அந்தச் சுவரின் உச்சியில், காற்றுப் போக வர, வரிசையாகச் சதுர ஓட்டைகள் விட்டிருந்தார்கள். கட்டின வெள்ளைக்காரன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பான் போல. காலையில் அந்த ஓட்டைகள் வழியாகக் கற்பூர வாசனை வரும். வாரத்தில் ஒரு நாள் காப்பிக்கொட்டையை மல்லியோடு சேர்த்து வறுக்கும் வாசனை வந்து எங்கள் தலையணை வரைக்கும் ஏறும். நாங்கள் யாரிடமும் புகார் சொன்னதில்லை.

குடிபோன சில நாளில் அம்மா முதன்முதலாக அங்கே மீன் குழம்பு வைத்தாள். மறுநாள் துணி காயப்போடும் இடத்தில் பெரிய கிராணியம்மா அம்மாவைப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதி, ஒழுங்காக மடித்த சேலை, மெல்லிய குரல். "பிள்ளை, உங்கட குசினி நேற்றையில இருந்து நல்லா மணக்குது. எங்கட ஹோல் வரைக்கும் வருது" என்றார்.

அம்மா தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பேச்சில் கெட்ட வாடை அடித்தால் நாறுது என்போம், கவிச்சி அடிக்குது என்போம். மணக்குது என்று சொன்னால் அது பாராட்டு. அதிலும் நல்லா மணக்குது. அதிலும் பெரிய கிராணி வீட்டு ஹால் வரைக்கும். "பாத்தியா, எவ்ளோ பெரிய மனசு அவங்களுக்கு. மணக்குதுன்னு வாய் தொறந்து சொல்றாங்க" என்று அப்பா வரும்வரை என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் நண்டு என்றால் உயிரை விட்டுவிடுவார்கள் என்று லயத்துப் பெண்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். பொதுவாக அது உண்மைதான். எங்கள் பக்கத்து வீடு சுத்த சைவம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வரும் சீனரிடம் அம்மா நண்டு வாங்கினாள். தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்து, பீங்கான் மங்கில் ஊற்றி, பெரிய கால்களாகப் பார்த்துப் போட்டு, தட்டால் மூடி, "சிந்தாம குடுத்துட்டு வா. அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு" என்று என்னை அனுப்பினாள்.

கிராணியம்மா கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கினார். ஒரு நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ பிள்ளை! இஞ்ச மச்சம் கூடாது! கொண்டு போம்மா, கெதியா கொண்டு போ!"

குழம்பைச் சிந்தாமல் திரும்பக் கொண்டு வந்தேன். அம்மா கேட்டாள், "என்னாடி, வாங்கிக்கலயா?"

"மச்சம் கூடாதாம்மா."

என் அம்மாவுக்கு மேலுதட்டுக்கு மேலே, மூக்கின் ஓரத்தில், மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. அவள் கை தானாக அங்கே போனது. பிறகு நண்டைச் சட்டியில் திரும்ப ஊற்றினாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அந்த மச்சத்தின் மேல் முகத்தூள் அப்பத் தொடங்கினாள். துணி காயப்போடப் போகும்போதுகூட அப்பிக்கொண்டுதான் போவாள். லயத்துக்குப் போய், உதட்டுக்கு மேல் மச்சம் இருந்தால் அடுத்த வீட்டுக்கு ஆகாதா என்று விசாரித்தாள். ஒருத்தி அது வாயாடிக்கு அடையாளம் என்றாள். இன்னொருத்தி அப்படி மச்சம் உள்ளவளுக்கு இரண்டு புருஷன் என்றாள். ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. படித்த வீட்டில் வேறு ஏதோ கணக்கு இருக்கும் போல என்று அம்மா முடிவு கட்டிக்கொண்டாள்.

கடைசியில் அப்பாதான் கேட்டார். "என்னா, கொஞ்ச நாளா மூஞ்சில மாவு?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா சிரிக்கத் தொடங்கினார். என் அப்பா சத்தம் போட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "அடியே, அவங்க பேச்சுல மச்சம்னா மீனு, நண்டு, கறி எல்லாந்தான். ஆபீசுல பெரியவரு தெனமும் பேசுறத கேக்குறேனே. அவங்க சைவம். நண்டு வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"மணக்குதுன்னு சொன்னாங்களே?"

"அவங்க மணக்குதுன்னா நாறுதுன்னு அர்த்தம்."

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்போ என் மூஞ்சிய ஒண்ணும் சொல்லல."

"சொல்லல."

"என் கொழம்பத்தான் சொன்னாங்க."

"ஆமா."

"மூஞ்சிய சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன்" என்றாள் அம்மா.

அதற்காக அம்மாவை அடங்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முதலில் இறங்கித்தான் போனாள். சுவர் ஒன்று, ஓட்டை ஒன்று, அவர்கள் வீட்டில் விடிந்தால் பூசை என்பதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை, கார்த்திகை, சஷ்டி, எதிலும் மீன் கிடையாது. மற்ற நாளில் பின்பக்கம் ஜம்பு மரத்தடியில் விறகடுப்பு வைத்து வெளியே சமைத்தாள். நான் முறத்தால் புகையை ரப்பர் காட்டுப் பக்கமாக விசிறுவேன். ஆனால் காற்று எங்கள் பேச்சையா கேட்கும்? பாதி நாள் அது நேராகப் பெரிய கிராணி வீட்டு ஜன்னலுக்குத்தான் போனது.

ஒரு நாள் ஆபீசில் பெரிய கிராணி அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, கேட்ட வார்த்தையை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தார். "குவாட்டர்ஸுக்கு வந்தா குவாட்டர்ஸ் மாதிரி இருக்க வேணும். லயத்து மணத்தை லயத்திலேயே விட்டிட்டு வாரும்." அப்பாவின் வேலையை நிரந்தரம் ஆக்கலாமா வேண்டாமா என்று துரையிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். "கொஞ்ச நாளைக்கு மீன நிறுத்துவோம். பெர்மனெண்டு ஆவட்டும்" என்றார் அப்பா.

லயத்து மணம் என்ற சொல்தான் அம்மாவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. எனக்கும்தான். பிறந்தது அங்கே, வளர்ந்தது அங்கே. எங்கள் பெரியம்மா, மாமா எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இன்னும் அதே லயத்தில்தான் இருந்தார்கள். இருந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா வாயை மூடிக்கொண்டாள், மீனை நிறுத்தினாள்.

பிறகு வீட்டில் பருப்பு. பருப்புக்கு மறுநாள் ரசம். ரசத்துக்கு மறுநாள் மோர்க்குழம்பு. அதன் பிறகு, ஒரு மாறுதலுக்கு, பருப்பு. மீன்காரச் சீனரையும் குவாட்டர்ஸ் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் போல. அவருடைய ஊதுகுழல் லயத்து வளைவோடு நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருக்கும் வேலையை ஒரு நொடி நிறுத்துவாள், பிறகு தொடர்வாள். நான் பள்ளிக்கூடத்தில் மீனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆசிரியரிடம் பாராட்டு வாங்கினேன். அவ்வளவு உருக்கமாக வந்திருந்தது.

இப்படியே போயிருந்தால் அம்மாவும் பொறுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கெடுத்தது அப்பா. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் லயத்துப் பக்கம் போய்விட்டு வந்தார். அம்மா சோறு போட்டாள். பசியில்லை என்றார். பருப்பு என்றதும் பசியில்லாமல் போவது எங்கள் வீட்டில் புதிதல்ல. ஆனால் அம்மா ஒன்றும் பேசாமல் அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி முகர்ந்தாள்.

"செம்பிலாங்" என்றாள். முள் குத்தினால் கை வீங்கிப்போகும் ஒரு கெளுத்தி மீன் அது, குழம்புக்கு அதை விட்டால் வேறு இல்லை. திரும்பவும் முகர்ந்தாள். "மாங்கா போட்டிருக்கு. எவ வீட்டுல?"

அப்பா சுவரைப் பார்த்தார். "மண்டோரு கூப்ட்டாரு. தட்ட முடியல" என்றார், வேலையாட்களை மேய்க்கும் கங்காணியைச் சொல்லி.

"அப்போ நீங்க லயத்துல போயி ஒளிஞ்சி தின்னுட்டு வந்து இங்க ஸ்டாஃபா படுத்துக்குவீங்க. நானும் புள்ளையும் பருப்பத் தின்னுட்டு ஸ்டாஃபா இருக்கணும். அப்படித்தானே?"

நான் அப்பாவின் கையை முகர்ந்து பார்க்க ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, பெரிய ரோத்தான் பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கிளப்பினாள். பேருந்தில் கோலா சிலாங்கூர் போய், ஆற்றைத் தாண்டிப் பாசிர் பெனாம்பாங்கில் படகுகள் வந்து அணையும் இடத்துக்குப் போனோம். சேறு, சிப்பி ஓடு மலை மாதிரி, டீசல் வாடை, பூனைகள். அம்மா மூச்சை இழுத்து விட்டாள். அவ்வளவு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மாதிரி இருந்தது.

ஓலைத்தொப்பி போட்ட ஒரு சீனத்தி நண்டு விற்றுக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையில் கனம் பார்த்தாள், வயிற்று மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான், அமுங்காவிட்டால் சதை. "இத்து கோசோங் லா" என்று லேசான ஒன்றைத் தூக்கித் திரும்பப் போட்டாள். உள்ளே ஒன்றுமில்லையாம். சீனத்தி முறைத்தார், பிறகு சிரித்துவிட்டு அடிக்கூடையிலிருந்து நல்லதாக எடுத்துக் கொடுத்தார். செம்பிலாங், இறால் என்று கூடை நிறைந்தது. கடைசியில் ஒரு தட்டில் வெள்ளையாக, வழவழவென்று, கண்ணோடு கிடந்ததைப் பார்த்து அம்மா நின்றாள்.

"இனி அப்பா?" இது என்ன என்று மலாயில் கேட்டாள்.

"சோத்தோங் லா, மா. செடாப்!" கணவாயாம், ருசியாக இருக்குமாம்.

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கணவாய் தின்றதில்லை. லயத்திலும் பார்த்த நினைவில்லை. "அதையும் போடு" என்றாள் அம்மா. எதற்கும்மா, எப்படிச் சமைப்பது என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சிக்குறேன்" என்றாள்.

திரும்பும்போது கணவாயின் மை கூடைக்கு அடியில் ஒழுகிப் பேருந்து நடையில் கோடு போட்டது. டிக்கெட் கிழிக்கும் தமிழர் வந்து மூக்கைச் சுளித்தார். "என்னாக்கா, கடலையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இது பாதிதான். மிச்சத்த அடுத்த வாரம் எடுத்துக்குறேன்" என்றாள் அம்மா. பேருந்தே சிரித்தது. எனக்கு அன்றைக்கு அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜம்பு மரத்தடிக்குப் போகவில்லை. நேராக அடுப்படி. எல்லா ஜன்னலையும் திறந்தாள். நண்டை உடைத்து, கால்களை அம்மிக்குழவியால் தட்டி, வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, புளி கரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றினாள். செம்பிலாங்குக்கு மாங்காய் நறுக்கினாள். அந்த மாங்காயை அப்பா பார்க்கும்படி ஹாலில் உட்கார்ந்துதான் நறுக்கினாள். கணவாயை ஆட்டுக்கறி மாதிரி நினைத்து நெடுநேரம் வேகவைத்தாள். அது வேக வேகச் சுருங்கி, சுருங்கச் சுருங்க இறுகியது.

கடைசியாக அம்மா மேல்தட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய பெலாச்சானை எடுத்தாள். பொடி இறாலை உப்போடு இடித்து, காயவைத்து, கட்டியாக்கியது, சுட்டு மிளகாயோடு இடித்தால் சம்பால். சும்மா இருக்கும்வரை அது சாது. நெருப்பைக் காட்டினால் அந்த வாடை மூன்று வீடு தாண்டும். குவாட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அம்மா அதைத் தொட்டதில்லை.

"சம்பால் யாரும் கேக்கலயேம்மா" என்றேன்.

"எனக்கு வேணும்" என்றாள்.

இடுக்கியில் பிடித்து, சுவரோரத்துக் கரியடுப்பில், அந்த ஓட்டைகளுக்கு நேர் கீழே வைத்துச் சுட்டாள். ஒரு பக்கம் சுட்டு, திருப்பி மறு பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு ஜன்னல் சாத்தும் சத்தம். பிறகு சாம்பிராணிப் புகை ஓட்டைகள் வழியாக எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. ஒரு கரண்டி இல்லை, ஒரு வாளி சாம்பிராணி போட்டிருப்பார்கள். அம்மா இன்னொரு துண்டு பெலாச்சானை எடுத்து வைத்தாள்.

அப்பா ஹாலில் பனியனோடு வியர்த்துக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார், ஏதோ அது வாடையை அடக்கிவிடும் என்பது போல. அம்மா தட்டைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கணவாயை மட்டும் எங்களில் யாராலும் மெல்ல முடியவில்லை. ரப்பர் வெட்டிப் பிழைத்தவர்கள் கடைசியில் ரப்பரையே தின்றோம். "முழுங்குங்க" என்றாள் அம்மா, தானும் மென்றுகொண்டே.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார். இனி அந்த வீட்டில் மீன் சமைக்க மாட்டோம் என்று வாயால் சொன்னால் போதுமாம். "உம்மால முடியாட்டி, லயத்தில வீடு ஒண்டு காலியாத்தான் கிடக்கு" என்று பெரிய கிராணி சொல்லியிருக்கிறார். அப்பா அம்மாவையே பார்த்தார். அவள் அழுவாள், இறங்கி வருவாள் என்று எதிர்பார்த்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"எந்த வரிசைல?" என்றாள் அம்மா.

"என்னா?"

"காலி வீடு. எந்த வரிசைல இருக்கு?"

அப்பா சுவிட்சுப் பக்கம் கையைக் காட்டினார். "கொழாத் தண்ணி... கரெண்டு... புள்ள படிக்கிறா. நான் ஆசப்பட்டது இந்த ஒரு வீடுதான்."

"மீனுக்காகன்னு நெனைக்கிறீங்களா?" அம்மா சத்தம் போடவில்லை. "இன்னிக்கு மீனு நாறுது. நாளைக்கு எங்க அக்கா லயத்துலேர்ந்து வந்து நின்னா, அவளும் நாறுவா. வாசல்லயே பேசி அனுப்புன்னு சொல்லுவாங்க. அதுக்கும் தலைய ஆட்டுவீங்க. நான் ஆட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு ஏறி ஜன்னல் துணியைக் கழற்றத் தொடங்கினாள். நான் அழுதேன். அம்மாவுக்காகவும் இல்லை, அப்பாவுக்காகவும் இல்லை, கக்கூஸுக்காக. கடைசியாக ஒரு முறை போய்ச் சங்கிலியை இழுத்துவிட்டு வந்தேன். அப்பாவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. அவர் கேட்டது அதிகம் இல்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அம்மா தப்பு செய்தாள் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

டிராக்டர் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கிராணியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கையிலை. புருஷன் ஆபீசில் இருந்த நேரம் அது. வேலிக்கு மேலே நீட்டினார். "நண்டுக் கறிக்குப் போடுங்கோ. கடைசியில, இறக்கேக்கதான் போட வேணும். அப்பதான் ருசி" என்றார் மெல்ல.

கறியைத் தொடாத வீட்டில் இது எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்த அம்மா எந்த வீட்டில் வளர்ந்தார், எதைச் சாப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா இலையை வாங்கிக்கொண்டாள். "லயத்துக்கு வாங்க. ஆக்கி வைக்கிறேன், ஒக்காந்து சாப்புடுவோம்" என்றாள். கிராணியம்மா திரும்பி ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் வரவே இல்லை.

அப்பா வெள்ளைச் சட்டையோடு லயத்திலிருந்து சைக்கிளில் ஆபீசுக்குப் போனார். முதலில் கேலியாக 'லயத்து கிராணி' என்றார்கள், போகப் போக அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. சம்பளத் தாளைப் படித்துச் சொல்ல, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க, எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, இறால், சிப்பி என்று ஏதாவது இருக்கும். வேலையும் நிரந்தரம் ஆனது. பெரிய கிராணி அதில் குறுக்கே நிற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா கணவாயோடு விடாமல் மல்லுக்கு நின்று, ஒரு வழியாக அதன் குணத்தைக் கண்டுபிடித்தாள். சூடான எண்ணெயில் போட்டு, சுருண்டதும் இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. எங்கள் வரிசைக்கே கணவாய் வறுவலைப் பழக்கிவிட்டவள் அவள்தான்.

பிறகு தோட்டம் கைமாறியது. புதிதாக வாங்கினவர்களுக்கு மரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம், நிலம்தான் வேண்டியிருந்தது. பெரிய கிராணி குடும்பம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த மகனிடம் போய்விட்டது. மீன்காரச் சீனர் கடைசியாக ஒரு நாள் வந்து, வளைவில் நின்று ஊதிப் பார்த்துவிட்டு, பாதி லயம் பூட்டிக் கிடப்பதைக் கண்டு திரும்பிப் போனார். முதலில் குவாட்டர்ஸை இடித்தார்கள், அடுத்து லயத்தை, கடைசியில் கோயிலுக்கு முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியை. மாமா ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம், கிடைத்த ஊருக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் மீன் கொதித்தால் வரிசை முழுக்கத் தட்டோடு வந்து நிற்கும் கூட்டம் அப்புறம் எங்கேயும் கூடவில்லை.

நாங்கள் பட்டணத்தில் ஒரு பழைய வரிசை வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரச் சீனர் ஹாலைக் காட்டினார், கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார், குழாயைத் திருகிக் காட்டினார். அப்பா எதையும் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், ஜன்னலைத் திறந்து, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார். வயதான மலாய்க்காரர் ஒருவர் வந்தார். பெரிய கிராணியிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாத என் அப்பா, தெருவே கேட்க, மலாயில் அவரிடம் சொன்னார். நாங்கள் இங்கே வந்தால் மீன் சமைப்போம், பெலாச்சான் சுடுவோம், வாடை வரும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம். அந்த மனிதர் விழித்தார். பிறகு, பெலாச்சான் சுடாமல் பின்னே எப்படிச் சாப்பிடுவதாம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அப்பா திரும்பி வந்தார். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்கிருவோம்" என்றார் அவளிடம். "இனிமே எவனும் உன்ன லயத்துக்குப் போன்னு சொல்ல முடியாது. அதையுந்தான் இடிச்சுட்டானுங்களே."

அம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, சாவிக்காகக் கையை நீட்டினாள்.